வழிகாட்டும் பலகையும் வழிவிடாத மூட்டையும்

அவசர வெளியேற்றம் பற்றி வணிகர்களுக்கு ஒரு பாடம்

வணிகப் பெருமக்களே, இந்தக் கட்டுரையைப் படிக்கும் முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இன்று இரவு வாடிக்கையாளர்கள் எல்லாம் போன பிறகு, கடையின் கடைசி மூலைக்குச் சென்று நில்லுங்கள். பையனிடம் சொல்லி மெயின் சுவிட்சை நிறுத்தச் சொல்லுங்கள். டார்ச் வேண்டாம், செல்போன் வெளிச்சமும் வேண்டாம். அங்கிருந்து மெதுவாக வெளியே நடந்து வாருங்கள். எத்தனை மூட்டை காலில் இடறுகிறது, எந்தத் திருப்பத்தில் கை சுவரைத் தேடுகிறது, வாசலுக்கு வர எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பத்து வருடம், இருபது வருடம் நாம் புழங்கிய கடை. நமக்கே தடுமாற்றம் என்றால், மாதம் ஒருமுறை மளிகைப் பட்டியலோடு வரும் அம்மாவுக்கு எப்படி இருக்கும்? கையில் குழந்தை, கண்ணில் புகை, நாலாபுறமும் கூச்சல். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

“நம் கடையில்தான் பச்சைப் பலகை மாட்டியாகிவிட்டதே!” என்று சிலர் சொல்லக்கூடும். நல்லதுதான். ஆனால், பின்வாசல் இருக்கிறதா என்று கேட்டால் நம்மில் பலர் சொல்லும் பதில் என்ன? “இருக்கே! சர்க்கரை மூட்டை அடுக்கியிருக்கு, நாலு சிப்பத்தை நகர்த்தினா கதவு திறக்கும்.” ஐம்பது கிலோ மூட்டையை நகர்த்தத் தீ காத்திருக்குமா என்பதுதான் இன்றைய பாடத்தின் கேள்வி.

பலகை என்பது ஒரு வாக்கு. ‘இந்தப் பக்கம் வந்தால் பிழைப்பாய்’ என்று முன்பின் தெரியாத ஒருவருக்கு நாம் கொடுக்கும் வாக்கு. பலகையை மாட்டிவிட்டு வழியில் சரக்கை அடுக்குவது, சீல் வைத்த எடைக்கல்லைத் தட்டில் வைத்துவிட்டு எடையைக் குறைத்துக் கொடுப்பது போன்றது. எடையில் குறைந்தால் அடுத்த முறை சரிசெய்து கொடுக்கலாம். இதில் அடுத்த முறை என்பது இல்லை.

தியாகராய நகர் கற்றுக்கொடுத்தது

எங்கோ நடந்த கதை வேண்டாம்; நம் பக்கத்துத் தெருவில் நடந்ததையே பார்ப்போம்.

2008 செப்டம்பர் 1 அன்று காலை, கடை திறப்பதற்கு முன்பே, ரங்கநாதன் தெருவில் சரவணா ஸ்டோர்ஸ் கட்டடத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த ஊழியர்கள் இருவர் உயிரிழந்தனர்.

2017 மே 31 அன்று விடியற்காலை, உஸ்மான் சாலையில் தி சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் தீப்பிடித்தது. கீழே பற்றிய தீயின் புகை மேலே ஏறியது. மேல்மாடியில் இருந்த ஊழியர்களைத் தீயணைப்பு வீரர்கள் பத்திரமாக இறக்கினார்கள். ஆனால் தீ ஒரு நாளைக்கு மேல் எரிந்தது. அடர்ந்த புகையால் வீரர்கள் உள்ளே நுழையவே திணறினார்கள். சுவரை உடைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. மறுநாள், ஜூன் 1 விடிவதற்குள் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. பிறகு கட்டடம் முழுவதையும் இடித்தார்கள். அந்த இடிப்பு வேலையிலும் ஒரு தொழிலாளியின் உயிர் போனது. தீப்பிடிக்காத அக்கம்பக்கத்துக் கடைகளும் பல நாள் ஷட்டரைத் தூக்க முடியவில்லை.

இந்த இரண்டு விபத்துகளிலும் வாடிக்கையாளர் யாரும் உள்ளே இல்லை. ஒன்று கடை திறக்கும் முன்; மற்றது விடியற்காலை. நேரம் நமக்குத் தயவு காட்டியது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுதக் கை வரவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த நேரங்களில் உள்ளே இருந்தவர்கள் யார்? நம்மிடம் வேலை பார்ப்பவர்கள். நம்மை நம்பி ஊரிலிருந்து பெற்றோர் அனுப்பிவைத்த பிள்ளைகள். வெளியேறும் வழி வாடிக்கையாளருக்கு மட்டும் அல்ல, முதலில் அவர்களுக்குத்தான்.

நெருப்பை விடப் புகை கொடியது

தீ விபத்துகளில் மிகப் பலர் நெருப்புச் சுட்டு இறப்பதில்லை. புகையில் மூச்சடைத்தே இறக்கிறார்கள். இன்றைய கடைகளில் எரிவது வெறும் மரமும் சாக்கும் அல்ல. பிளாஸ்டிக் உறை, தெர்மோகோல், நைலான் பை, ஷாம்பு டப்பா எல்லாம் சேர்ந்து எரியும்போது கார்பன் மோனாக்சைடு உள்ளிட்ட நச்சு வாயுக்கள் கிளம்புகின்றன. சில மூச்சு இழுத்தாலே புத்தி தடுமாறும், கால் துவளும்.

சூடான புகை முதலில் மேலே ஏறும். கூரையைத் தொட்டுப் பரவி, பிறகு தலைமட்டத்துக்கு இறங்கும். கடைசி வரை ஓரளவு தெளிவாக இருப்பது தரையை ஒட்டிய ஓரிரு அடிதான். அதனால்தான் குனிந்தோ தவழ்ந்தோ வெளியேறச் சொல்கிறார்கள். மாடிப்படி திறந்து கிடந்தால் அதுவே புகைபோக்கியாகிவிடும். கீழ்க்கடையின் புகை சில நிமிடங்களில் மேல்மாடியை நிரப்பிவிடும்.

இரண்டாவது விஷயம் மின்சாரம். மின்கசிவால் தீப்பிடித்தால் சுவிட்ச் தானாக விழும். விழாவிட்டால் நாமே அணைக்க வேண்டும். ஆக, வழி தேடும் நேரத்தில் கடையில் வெளிச்சம் இருக்காது என்றே கணக்கு வைக்க வேண்டும்.

மூன்றாவது, மனித சுபாவம். பதறும் கூட்டம் அருகில் உள்ள கதவைத் தேடாது. உள்ளே வந்த வாசலையே தேடி ஓடும். எத்தனையோ விபத்து விசாரணைகளில் இது தெரியவந்திருக்கிறது. பத்தடி தூரத்தில் பின்வழி திறந்திருக்க, எல்லோரும் ஐம்பதடி தாண்டி முன்வாசலில் நெரிசலில் சிக்குவார்கள். அந்தப் பழக்கத்தை உடைத்து, “இங்கே வா” என்று கூப்பிடத்தான் பலகை தேவைப்படுகிறது.

ஓடும் மனிதன் பிறந்த கதை

பச்சை நிறத்தில் ஒரு மனிதன் கதவை நோக்கி ஓடும் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் படம் பிறந்ததற்குக் காரணம் கடைகளில் ஏற்பட்ட தீ என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1972 மே 13 இரவு, ஜப்பானின் ஒசாகா நகரில் சென்னிச்சி என்ற பல்பொருள் அங்காடியின் மூன்றாம் மாடியில் தீப்பிடித்தது. ஏழாம் மாடியில் இருந்த கேளிக்கை விடுதிக்கு நெருப்பு வரவில்லை, புகை வந்தது. வெளியேற வழி தெரியாமலும், கதவுகள் பூட்டியிருந்ததாலும், 118 பேர் மாண்டனர்.

அடுத்த ஆண்டு, 1973 நவம்பர் 29 அன்று, குமமோட்டோ நகரின் தையோ அங்காடியில் பட்டப்பகலில் தீப்பிடித்தது. தீ தொடங்கிய இடத்தைக் கவனியுங்கள்: மாடிப்படி. படிக்கட்டில் அடுக்கி வைத்திருந்த அட்டைப்பெட்டிகளில் பற்றிய தீ, படி வழியாகவே மேலே ஏறியது. தப்பிக்க வேண்டிய வழியே தீயின் வழியாகிவிட்டது. நூறு பேருக்கு மேல் இறந்தனர். அட்டைப்பெட்டியைப் படியில் அடுக்குவது நமக்கு எவ்வளவு சாதாரணமான பழக்கம் என்று சொல்லவும் வேண்டுமா?

இந்தத் துயரங்களுக்குப் பிறகு அந்நாட்டில் வெளியேறும் வழிக்கு எல்லோருக்கும் புரியும் ஓர் அடையாளம் வேண்டும் என்று 1970களின் இறுதியில் பொதுமக்களிடமிருந்தே வடிவங்களைக் கேட்டுப் போட்டி நடத்தினார்கள். தேர்ந்தெடுத்த வடிவத்தை யூகியோ ஓட்டா என்ற வடிவமைப்பாளர் உள்ளிட்டோர் செம்மைப்படுத்தினார்கள். 1980களில் பன்னாட்டுத் தர அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. இன்று உலகின் பெரும்பகுதியில் அந்தப் பச்சை மனிதன்தான் ஓடிக்கொண்டிருக்கிறான்.

பச்சை ஏன்? நெருப்பின் செம்மைக்கு நடுவே பச்சை எடுப்பாகத் தெரியும். மங்கிய இருளில் நம் கண் சிவப்பை விடப் பச்சையை எளிதில் உணரும். எழுத்துக்குப் பதில் படம் ஏன்? நம் கடைகளையே பாருங்கள். பில் போடுபவர் திருநெல்வேலிக்காரர். மூட்டை தூக்குபவர் பீகாரோ அசாமோ. பொருள் வாங்குபவர் ஆந்திராவிலிருந்து கல்யாண ஜவுளிக்காக வந்தவர். தமிழ் தெரியாதவருக்கும், எழுத்தே தெரியாதவருக்கும் படம் புரியும்.

பலகை வைக்கும் முறை

நிறங்களுக்கு ஒரு மொழி உண்டு. பச்சை என்றால் பாதுகாப்பான வழி, முதலுதவி. சிவப்பு என்றால் தீயணைப்புக் கருவி அல்லது தடை. மஞ்சள் என்றால் எச்சரிக்கை. நீலம் என்றால் கட்டாயம் செய்ய வேண்டியது. இந்த ஒழுங்கை மாற்றி, கடையின் விளம்பர நிறத்துக்குப் பொருந்தட்டும் என்று வெளியேறும் பலகையை ஊதாவிலோ ஆரஞ்சிலோ எழுதுவது தவறு.

அளவுக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. வெளியிலிருந்து விளக்கு படும் பலகையை அதன் உயரத்தைப் போல் நூறு மடங்கு தூரத்திலிருந்தும், உள்ளே விளக்கு எரியும் பலகையை இருநூறு மடங்கு தூரத்திலிருந்தும் படிக்கலாம். அதாவது அரை அடி உயரமுள்ள சாதாரணப் பலகை 50 அடி வரை தெரியும். அதே அளவில் விளக்குப் பலகை என்றால் 100 அடி வரை. நம் சிறு கடைகளுக்கு அரை அடிப் பலகை தாராளம்.

எங்கே வைப்பது? வெளியேறும் கதவுக்கு மேலே ஒன்று. நடைபாதை திரும்பும் ஒவ்வொரு முனையிலும் அம்புக்குறியோடு ஒன்று. புகை மேலே கூடும் என்று பார்த்தோம் அல்லவா? ஆகவே முழங்கால் உயரத்திலும், தரை ஓரத்திலும் இருளில் ஒளிரும் பட்டையை ஒட்டுவது மிக நல்லது. பகலில் விளக்கொளியை வாங்கி வைத்துக்கொண்டு இருளில் தானே ஒளிரும் பட்டை இது. நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் 1993இல் குண்டு வெடித்தபோது இருண்ட படிகளில் மக்கள் தவித்தார்கள். அதன் பிறகு படிகளில் இத்தகைய ஒளிரும் பூச்சு பூசினார்கள். 2001 தாக்குதலின்போது ஆயிரக்கணக்கானோர் படியிறங்கி வந்ததில் அந்தப் பூச்சுக்கும் பங்கு உண்டு. விளக்குப் பலகை வைப்பதானால் மின்சாரம் போனாலும் எரியும் பேட்டரி உள்ளதாக வாங்குங்கள்.

வழி அல்லாத கதவுக்கும் ஒரு பலகை வேண்டும். ஸ்டோர் அறை, கழிவறை, பூட்டிய மாடிக் கதவு ஆகியவற்றை இருட்டில் வழி என்று நம்பி உள்ளே போய்ச் சிக்கியவர்கள் உண்டு. அங்கே “இது வழி அல்ல” என்று எழுதி வையுங்கள். லிப்ட் உள்ள கடைகளில் “தீ விபத்தின்போது லிப்டில் ஏறாதீர்கள்” என்ற பலகை லிப்ட் வாசலிலேயே இருக்கட்டும்.

நம் கடைகளில் பலகைக்குப் பெரிய எதிரி ஒன்று உண்டு: சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு, ஊறுகாய், காப்பித்தூள் பாக்கெட்டுகள். ஆடித் தள்ளுபடித் தோரணமும், பொங்கல் சலுகைப் பேனரும் இதில் சேரும். பலகை மாட்டிய நாளில் தெரிந்தது, இன்று தெரிகிறதா? நம் உயரத்தில் நின்று பார்த்தால் போதாது. பத்து வயதுப் பையன் உயரத்திலும் குனிந்து பாருங்கள்.

வழி வைக்கும் முறை

பலகை இவ்வளவுதான். இனி கடினமான பகுதி: வழி.

தேசியக் கட்டட விதித்தொகுப்பின் (2016) நான்காம் பகுதி தீ மற்றும் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியது. வணிகக் கட்டடங்களுக்கு அது சொல்வதில் நாம் மனத்தில் வைக்க வேண்டியவை இவை. கடையின் எந்த மூலையிலிருந்தும் வெளியேறும் வழிக்கு 30 மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 100 அடிக்கு மேல் நடக்க வைக்கக் கூடாது. வெளியேறும் கதவு ஒரு மீட்டருக்குக் குறையாத அகலமும் இரண்டு மீட்டருக்குக் குறையாத உயரமும் உள்ளதாக இருக்க வேண்டும். படிக்கட்டு ஒன்றரை மீட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்தடி அகலம் வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவைக் கூட்டம் முட்டி மோதினால் அது திறக்கவே திறக்காது. முன்னால் நிற்பவர் பின்வாங்க இடமிருக்காது. உருட்டு ஷட்டர் வெளியேறும் வாசல் ஆகாது.

மயிலாப்பூர் மாடவீதியில் நூறு வருடம் ஆன கட்டடத்தில், பத்தடி முகப்பில் கடை வைத்திருப்பவர், “இதெல்லாம் எனக்கு எப்படிச் சாத்தியம்?” என்று கேட்பது நியாயம்தான். புதிதாகக் கட்டுவோருக்கான அளவு முழுவதையும் பழைய கடையில் கொண்டுவர முடியாது. ஆனால் மூன்றை எந்தக் கடையிலும் செய்யலாம். இருக்கிற வழியை அடைக்காமல் வைக்கலாம். இருக்கிற கதவைச் சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்கும்படி மாற்றலாம். ஷட்டரை வியாபார நேரம் முழுவதும் முழு உயரத்துக்குத் தூக்கி வைக்கலாம். மதிய வேளையில் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே சாப்பிடும் வழக்கத்தையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

திருட்டுப் பயமும் பூட்டும்

பின்கதவைத் திறந்து வைத்தால் சரக்கு போய்விடும் என்பது நம் பயம். வீண் பயம் என்று தள்ள முடியாது. ஆனால் அந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் ட்ரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. வேலையாட்கள் துணியைத் திருடிக்கொண்டு போகாமல் ஒரே வாசலில் சோதிக்க வேண்டும் என்பதற்காக ஒரு படிக்கட்டின் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். 146 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் இளம்பெண்கள். அந்தக் கதவு காப்பாற்றிய துணியின் விலை என்ன இருக்கும்?

இடம் வீணாகிறதே என்ற எண்ணமும் இதே வகைதான். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் புகை சூழ்ந்து 59 பேர் இறந்தார்கள். பால்கனியில் கூடுதல் நாற்காலி போட்டு நடைவழியையும் ஒரு வாசலையும் அடைத்திருந்தது பின்னர் வெளிவந்தது. அங்கே நாற்காலி, இங்கே மூட்டை. வேறுபாடு அவ்வளவுதான்.

பூட்டுக்கு இன்று மாற்று இருக்கிறது. உள்ளிருந்து தள்ளினால் திறந்து, வெளியிலிருந்து திறக்காத தள்ளுகம்பித் தாழ்ப்பாள் கட்டடச் சாமான் கடைகளில் கிடைக்கிறது. திறந்தால் மணி அடிக்கும்படி சிறு கருவியும் பொருத்தலாம். கல்லாவைப் பார்க்கும் கேமராக்களில் ஒன்றைப் பின்கதவுப் பக்கம் திருப்பி வைக்கலாம். திருடனுக்குப் பயந்து பூட்டலாம். ஆனால் உள்ளே இருப்பவரைச் சேர்த்துப் பூட்டக் கூடாது.

மாடியில் படுக்கும் பையன்கள்

இது நாம் பேசத் தயங்கும் விஷயம். வாடகை கட்டுப்படியாகாத இந்தப் பகுதிகளில், வேலை பார்க்கும் பிள்ளைகள் கடை மாடியிலோ குடோனிலோ படுப்பது உண்டு. இரவு கடையைச் சாத்தி வெளியில் பூட்டிச் சாவியை எடுத்துப் போகும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அந்தப் பூட்டு விழும் சத்தத்தை உள்ளே படுத்துக்கொண்டு ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

சரக்கோடு சேர்த்து ஆளைப் படுக்கவைக்காமல் வேறு அறை பார்ப்பதே சரியான வழி. அதுவரை, ஒரு நாள்கூட வெளியில் பூட்டாதீர்கள். உள்ளிருந்து திறக்கும் இரண்டாவது வழி ஒன்று கட்டாயம் வேண்டும். கிரில் கம்பி போட்ட ஜன்னல் என்றால் அதில் திறக்கும் பகுதி ஒன்று வைக்கச் சொல்லுங்கள். பேட்டரியில் ஓடும் புகை எச்சரிக்கை மணி ஒன்றைப் படுக்கும் இடத்திலும், கீழே கடையிலும் மாட்டுங்கள். தூங்குபவருக்குப் புகை வாசம் விழிப்புத் தராது, மணிதான் எழுப்பும். அட்டைப்பெட்டிக்கு அருகில் கொசுவர்த்தி, செல்போன் சார்ஜர், மின் அடுப்பு எதுவும் வேண்டாம்.

மளிகைக் கடைக்குத் தனியாகச் சில வார்த்தை

நம் சரக்கில் தீக்கு இரையாவது நிறைய. எண்ணெய் டின், நெய், கற்பூரம், தீப்பெட்டி, ஊதுபத்தி, சாக்கு, அட்டைப்பெட்டி, கொசு மருந்து ஸ்ப்ரே. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள பூஜைச் சாமான் கடைகளில் கற்பூரமும் எண்ணெயும் திரியும் ஒரே தட்டில் இருக்கும். கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் மூடிய டப்பாவில் தனித்தனியே வையுங்கள். இவை எதுவும் வாசலுக்கோ படிக்கோ அருகில் இருக்கக் கூடாது. வழியில் பற்றினால் வழி போய்விடும்.

எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் தீ சிதறிப் பரவும். மின்சாரத் தீயிலும் தண்ணீர் ஆகாது. சாதாரணக் கடைக்கு ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஏற்றது. மின்பலகைக்கு அருகில் கார்பன் டை ஆக்சைடு வகை ஒன்று இருந்தால் நல்லது. வெளியேறும் வழியை ஒட்டி, எளிதில் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். கடையின் உள்மூலையில் மாட்டினால் அதை எடுக்கத் தீயைத் தாண்ட வேண்டியிருக்கும்.

பயன்படுத்தும் முறையை எல்லா வேலையாட்களும் தெரிந்திருக்க வேண்டும். ஊசியை இழு, குழாயைத் தீயின் அடிப்பகுதிக்கு நேராகப் பிடி, பிடியை அழுத்து, இடமும் வலமும் வீசு. ஆறு கிலோ கருவியும் கால் நிமிடம் போலத்தான் அடிக்கும். ஆகவே சிறு தீக்குத்தான் அது. வாசல் எப்போதும் நம் முதுகுப் பக்கம் இருக்கட்டும். தீ நம் இடுப்பைத் தாண்டினால் கருவியைப் போட்டுவிட்டு ஆட்களை வெளியேற்றுவதே வேலை. கல்லாவுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் திரும்பிப் போகக் கூடாது.

ஒரு வியாபாரக் கணக்கு

வியாபாரிகளிடம் கணக்குச் சொல்லாமல் எதுவும் நிற்காது. ஓர் உதாரணம் போடுவோம். 20 அடி அகலம், 60 அடி நீளம் உள்ள கடை. 1,200 சதுர அடி. நடுவழி இப்போது இரண்டடி என்று வைப்போம். அதை நாலடியாக்கினால் கூடுதலாகப் போவது 120 சதுர அடி, நூற்றுக்குப் பத்து. சதுர அடிக்கு நூறு ரூபாய் வாடகை என்றால் மாதம் 12,000 ரூபாய்.

இது பெரிய தொகைதான். ஆனால் இதில் பெரும்பகுதியைத் திரும்பப் பிடிக்கலாம். கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலிருந்து வாரம் ஒரு லோடு எடுப்பவர் அதையே இரண்டு சிறு லோடாக எடுத்தால் தரையில் நிற்கும் மூட்டை பாதியாகும். சுவரோரம் உறுதியான இரும்பு அடுக்கு போட்டால் தரைச் சரக்கு மேலே ஏறும். வழி அகலமானால் இரண்டு வாடிக்கையாளர் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நின்று பொருள் எடுப்பார்கள், அதுவும் வியாபாரம்தான்.

மறுபக்கம், விதித்தொகுப்பு தரைத்தளக் கடையில் ஆள் ஒன்றுக்கு மூன்று சதுர மீட்டர் என்று கணக்கு வைக்கிறது. நம் உதாரணக் கடைக்கு அது 37 பேர். பண்டிகை மாலையில் அதைவிட அதிகம் பேரை உள்ளே நிறுத்தினால், ஒருவரை வெளியில் நிற்கச் சொல்லி வரிசையாக அனுப்புவதே நல்லது. காப்பீடு சரக்குக்கு ஈடு தரலாம். அதுவும் பாலிசி நிபந்தனைகளைக் கடைப்பிடித்திருந்தால்தான். உயிருக்கு எந்தக் கம்பெனியும் ஈடு தராது.

சேர்ந்து செய்ய வேண்டியவை

அடையாறில் இருப்பது போன்ற அடுக்குமாடி வளாகங்களில் மாடிப்படி எல்லோருக்கும் பொது. பொது என்பதாலேயே ஆளுக்கு ஒரு பெட்டியை அங்கே வைத்துவிடுகிறோம். வளாகத்துக் கடைக்காரர்கள் கூடி, படியிலும் நடையிலும் எவரும் ஒரு சிப்பம்கூட வைப்பதில்லை என்று முடிவெடுக்க வேண்டும். மொட்டைமாடிக் கதவின் பூட்டையும் அப்போதே பேசி முடித்துவிடலாம்.

தெருவும் வழிதான். ரங்கநாதன் தெரு போன்ற குறுகலான இடங்களில் கடைக்கு வெளியே நீளும் பலகையும் ஸ்டாண்டும் தீயணைப்பு வண்டியின் நேரத்தைத் தின்னும். நம் கடைக்குத் தீ வராது என்று நினைத்து வெளியே நீட்டுகிறோம். பக்கத்துக் கடைக்கு வந்தால் அதுதான் நம் கடைக்கும் வரும்.

வெளியேறிய பின் எல்லோரும் கூடுவதற்கு எதிர்ச்சாரியில் ஓர் இடம் குறித்து வையுங்கள். அங்கே வைத்துத் தலை எண்ண வேண்டும். யார் உள்ளே என்று தெரியாமல் வீரர்களை உள்ளே அனுப்புவது அவர்கள் உயிரோடும் விளையாடுவது. தீயணைப்புத் துறைக்கு 101, பொது அவசர உதவிக்கு 112 என்ற எண்களைக் கல்லாவுக்கு அருகில் எழுதி ஒட்டுங்கள்.

மாதம் முதல் தேதி பார்க்க வேண்டியவை

1. முன்வாசல் முதல் பின்கதவு வரை தடையில்லாமல் நடக்க முடிகிறதா?
2. படிக்கட்டிலும் படியின் அடியிலும் பெட்டி, சாக்கு ஏதும் உண்டா?
3. பின்கதவு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கிறதா? திறந்து பார்த்தீர்களா?
4. எல்லாப் பலகையும் தெரிகிறதா, தோரணம் மறைக்கிறதா?
5. மின்சாரத்தை நிறுத்தினால் அவசர விளக்கு எரிகிறதா?
6. தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா? அடுத்த பரிசோதனைத் தேதி என்ன?
7. மின்பலகையைச் சுற்றி மூன்றடிக்குச் சரக்கு இல்லாமல் இருக்கிறதா?
8. புதிதாகச் சேர்ந்த வேலையாளுக்கு வழியைக் காட்டினீர்களா?
9. இரவில் தங்குபவர் எத்தனை பேர்? அவர்கள் வெளிவர இரண்டு வழி உண்டா?

ஒன்பதுக்கும் கால் மணி நேரம் போதும்.

புதுக்கணக்கு நாளில்

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தோடு பஞ்சுப் பொதிகளையும் ஏற்றி வந்த ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் தீப்பற்றி வெடித்தது. தீயணைக்கச் சென்ற வீரர்கள் பலர் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடு முழுவதும் தீயணைப்பு வாரம் கடைப்பிடிக்கிறார்கள்.

பெரும்பாலான ஆண்டுகளில் அதே ஏப்ரல் 14தான் நமக்குச் சித்திரை முதல் நாள். நம்மில் பலர் மஞ்சள் தடவிப் புதுக்கணக்கு எழுதும் நாள். அன்று காலை கடையைத் திறந்ததும் பின்கதவையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பிறகு கணக்கைத் தொடங்குங்கள். அந்த வாரத்தில் தீயணைப்பு நிலையத்தாரிடம் கேட்டால் கருவியைக் கையாளச் சொல்லிக் கொடுப்பார்கள். தி.நகரிலும் மயிலாப்பூரிலும் நிலையங்கள் இருக்கின்றன; தெருவுக்கு ஒரு நாள் என்று நம் உறுப்பினர்கள் சேர்ந்து கேட்டுக்கொள்ளலாம்.

பச்சைப் பலகை இல்லாதவர்கள் வாங்கி மாட்டுங்கள். மாட்டியவர்கள், அதன் கீழே இருக்கும் மூட்டையை இன்றே எடுத்துவிடுங்கள். இரண்டில் எதை முதலில் செய்வது என்று கேட்டால், மூட்டையை எடுப்பதுதான். அதற்குச் செலவும் இல்லை.